குட்டையில் விட்ட விரால்

"குட்டையில விரால் கெடக்குதுங்க. என் கண்ணால பாத்தேன்."

அம்சவள்ளி மூச்சிரைக்க வந்து சொன்னபோது, அவள் கணவர் சின்னராசு கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"கெடந்தா கெடக்கட்டும்."

"இன்னாங்க இப்பிடி சொல்றீங்க? நாம விட்டது ஜிலேபி மீனு மட்டுந்தான். விரால் இன்னா தானா நடந்து வந்துதா? இருக்கிற மீன ஒன்னு வுடாம தின்னுடும்ங்க."

சின்னராசு மடையை அடைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது உங்க தம்பி வேலைதான்" என்றாள் அம்சவள்ளி.

தம்பி என்றால் சித்தப்பா மகன் இளஞ்செழியன். பக்கத்து நிலத்துக்காரன். சின்னராசுவின் கரும்பை ஏற்றிவந்த டிராக்டர் அவன் வரப்பை இடித்துவிட்டது. அதில் பேச்சு முற்றி, கடைசியில் பேச்சே நின்றுபோனது. மூன்று வருஷமாக எதிரில் பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

"வாங்க, நேரா போயி கேட்டுட்டு வந்துடலாம்."

"ஒன்னும் கேக்க வாணாம். வலை போடற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று அம்சவள்ளிக்கு ஆத்திரமாக வந்தது.

ஏற்கெனவே அந்தக் குட்டையால் ஒரு லாபமும் இல்லை. ஆசையாக வெட்டி, ஆசையாக ஜிலேபிக் குஞ்சு வாங்கி விட்டார்கள். வளரட்டும், வளரட்டும் என்று ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அவை பெருகி, குஞ்சும் குஞ்சு பொரித்து, குட்டை முழுக்க மீனாகிவிட்டது. எல்லாம் விரல் நீளம். தலை மட்டும் பெரிசு, உடம்பு சூம்பல். கச்சிராயபாளையத்து மீன் வியாபாரி காஜா மைதீன் வந்து பார்த்துவிட்டு, "கருவாட்டுக்குக்கூட ஆவாதுங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.

இப்போது அதையும் தின்ன ஒரு விரால் கூட்டம்.

விரால் தலை காட்டும்போதெல்லாம் அம்சவள்ளி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசுவாள். கூடவே பக்கத்து நிலத்துக்குக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தையும் வீசுவாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது.

மாசி பிறந்து, குட்டையில் தண்ணீர் வற்றியதும், சின்னராசு மறுபடி காஜா மைதீனைக் கூப்பிட்டு வலை போடச் சொன்னார்.

வலை கரைக்கு வந்ததும் அம்சவள்ளி குனிந்து ஒரு மீனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ஜிலேபியும் கையை விரித்து வைத்தால்கூட மறையாத அகலம். முதுகு தடித்து, வயிறு மின்னிக்கொண்டு கிடந்தது.

"குட்டையில விரால் இருக்குதாங்க?" காஜா மைதீன் கேட்டார்.

"இருக்குது" என்றார் சின்னராசு.

"அதான் விஷயம். குஞ்சயெல்லாம் அது தின்னுட்டுது. மிச்சம் இருந்ததுக்கு எடமும் கெடச்சுது, தீனியும் கெடச்சுது. வெவரம் தெரிஞ்ச ஆளுதான் விட்டிருக்கணும். நீங்களும் சும்மா இருக்காதீங்க, சின்னதயெல்லாம் தூண்டில் போட்டு எடுத்துக்கினே இருங்க."

சின்னராசு கொழுத்த மீனாக நாலு பொறுக்கிக் குண்டானில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற திசையைப் பார்த்ததும் அம்சவள்ளி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். இன்றைக்காவது இந்த மனுஷன் நறுக்கென்று கேட்டுவிடுவார்.

இளஞ்செழியன் வாசலில்தான் இருந்தான். அண்ணனைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

"இன்னா?"

"செழியா, நீ பண்ண உதவிய நான் மறக்க மாட்டேன்டா."

"உதவியா?"

"குட்டையில விரால் விட்டியே. நமக்குள்ள பேச்சு இல்லன்னாலும், அண்ணன் மீனு வளராம கெடக்குதேன்னு உனக்குத்தான தோணிச்சு."

குரல் கேட்டு வெளியே வந்த அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி, "இத எங்கிட்டகூட சொல்லலியே நீங்க" என்று கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவ்வளவு பெருமை.

இளஞ்செழியன் மனைவியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

"அது... குஞ்சு ஜாஸ்தியா இருந்துதுண்ணா. அதான்..."

"உள்ள வாங்க மாமா. அக்கா, நீங்களும் வாங்க. எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்பீங்க" என்று செந்தமிழ்ச்செல்வி குண்டானை வாங்கிக்கொண்டாள்.

அன்று மதியம் இரண்டு குடும்பமும் ஒரே குழம்பில் சாப்பிட்டன.

மறுநாள் காலையிலேயே இளஞ்செழியன் தூண்டிலோடு குட்டைக்கு வந்துவிட்டான். "சின்னத வுட்டு வெக்கக் கூடாதுண்ணா, எடுத்துக்கினே இருக்கணும்" என்று அண்ணனுக்கே பாடம் நடத்தினான். பிடித்ததைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டான். போகும்போது, "கரும்பு வண்டி இந்த வருஷத்துல இருந்து நம்ம நெலத்து மேலயே போவட்டும். வரப்ப நான் பாத்துக்கறேன்" என்றான்.

அம்சவள்ளிக்கு மனசு உறுத்தியது. அவன் தலை மறைந்ததும் சொன்னாள்:

"பாவங்க. நல்ல மனசோட செஞ்ச மனுஷன நான் எவ்ளோ கரிச்சுக் கொட்டிட்டேன்."

சின்னராசு சிரித்தார்.

"நல்ல மனசா? அவன் விரால் விட்ட அன்னிக்கு மத்தியானம் நான் மோட்டார் கொட்டாயிலதான் படுத்துக்கினு இருந்தேன். 'ஒரு மீனு மிஞ்சக் கூடாது, பூராத்தையும் தின்னு தீத்துடுங்க'ன்னு சொல்லிக்கினேதான் பக்கெட்டக் கவுத்தான்."

அம்சவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேவா போயி நன்றி சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லிக்கினு அவன் வூட்டு வாசப்படி ஏறுவேன்? மூணு வருஷமா எனக்கும் ஒரு சாக்கு கெடைக்கலியே."