கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லி, அக்குளுக்கடியில் கைகொடுத்து மனைவியைத் தூக்கினார் அவர். பஞ்சு மூட்டை போல வந்தாள். அரைவட்டம் திருப்பிச் சக்கர நாற்காலியில் பூப்போல இறக்கினார்.

“பாத்தியா? எனக்கு மூச்சே வாங்கல.”

“பாத்தேன், பாத்தேன்” என்று அவள் போர்வையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவருக்குக் கடைகளின் எடை மெஷின்களைப் பழுதுபார்க்கும் தொழில். ஊரார் எடையையெல்லாம் சரிபார்த்தவர் தன் எடையை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். இந்த உடம்பு இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் எடை குறைய வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். பசி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனது. பின்னாலேயே பதினான்கு கிலோவும் போனது.

சட்டை தொளதொளவென்று ஆனதில் மனிதருக்கு ஒரே பெருமை. சில மாதங்களுக்கு முன் ஒருநாள் காலையில் மனைவியைத் தூக்கும்போது பாதியில் கை விட்டுப்போய், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெருமை இறங்கியது. வேலைக்குப் போன மகள் திரும்பி ஓடிவர வேண்டியதாயிற்று.

மறுநாள் அவள் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அம்மாவின் பெயர், வயது எல்லாம் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

“அப்பா, அம்மாவ நீங்க தூக்கலாம். உங்க ரெண்டு பேரையும் நான் தூக்க முடியாது” என்றாள்.

மனைவி அந்தப் படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம். எலும்பு கூடிவிட்டது, படுத்தே கிடந்ததில் கால்தான் சூம்பிப் போயிருந்தது. பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிப் பெண்ணிடம், “என்னை விட்டுரும்மா” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் அவள்.

அதே பெண்தான் இப்போது அவருக்காக வந்தாள். போனது கொழுப்பு மட்டுமில்லை, தசையும் சேர்ந்து போயிருக்கிறது என்று புரியவைத்தாள். பசிக்காவிட்டாலும் தட்டில் முதலில் முட்டையும் பருப்பும்தான் காலியாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தினமும் மூன்று சுற்று. மகளிடம் மூன்று மாதம் தவணை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குள் அவர் கைகால் தேறினால் அம்மா வீட்டில், தேறாவிட்டால் இல்லத்தில்.

பயிற்சிகூடப் பரவாயில்லை, சாப்பாடுதான் தண்டனை. இரண்டாவது முட்டையைக் கண்டாலே யாரோ கல்லை உரித்து வைத்ததுபோல அவருக்குத் தொண்டை அடைத்தது. மனைவி துணைக்குத் தானும் ஒன்றை எடுத்துக்கொள்வாள். நான் முடித்துவிட்டேன், நீங்கள் இன்னும் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று சீண்டியே ஊட்டிவிடுவாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். முதுகுக்குப் பின்னால் கட்டிலோரத்தில் இருந்து அவள் எண்ணுவாள். எட்டு, ஒன்பதுக்கு மேல் அவள் குரல் திணறும், கட்டில் கிறீச்சிடும்.

“எந்திரிக்கிறவன் நான். எண்ணுறதுக்கே உனக்கு இப்படி இரைக்குதே” என்று கேலி செய்தார்.

“உங்களுக்கு என்ன? நீங்க முன்னாடி பாத்துப் பண்ணுங்க.”

எடை மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஒரே எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அந்தத் தொழில்புத்தியில், தினமும் காலையில் மனைவியைத் தூக்கியே தன் கைகளை அளந்தார். முதல் மாதம் காலண்டரில் ‘நடுக்கம்’ என்று எழுதினார். இரண்டாம் மாதம் ‘பரவாயில்லை’. மூன்றாம் மாதம் முழுக்க ‘சுலபம்’, ‘சுலபம்’ என்றே எழுதிக்கொண்டு வந்தார்.

தவணை முடிந்த அன்று பிசியோதெரபிப் பெண்ணும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். கைப்பிடியின் வலுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை அந்தப் பெண் கொடுத்தாள். முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்து நெரித்தார். அவள் எண்ணைப் பார்த்தாள். மூன்று மாதம் முன்பு குறித்துவைத்த தாளையும் எடுத்துப் பார்த்தாள்.

“இருந்த தசை கரையாம நின்னிருக்கு சார். இந்த ஊசி போட்டுக்கிட்டு இதுவே பெரிய விஷயம். ஆனா வலு ரொம்பக் கொஞ்சம்தான் ஏறியிருக்கு. இந்தக் கையால அம்மாவத் தூக்க முடியாது.”

மகள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

“மெஷின்ல ஏதோ தப்பு” என்றார் அவர். முப்பது வருடமாகக் கடைக்காரர்கள் தன்னிடம் சொல்லிவந்த அதே வசனம்தான் இது என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

வீம்பு விடவில்லை. தினமும் தூக்குகிறேன், இதோ கண்ணால் பாருங்கள் என்று நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டினார். குனிந்து கைகொடுத்தார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி அவருக்கு நேராக, நெஞ்சோடு நெஞ்சாக, உயர்ந்து நின்றாள்.

அவர் கழுத்தை மட்டும் திருப்பி வெற்றிப் பார்வை பார்த்தார். அந்தப் பெண்ணோ அவர் கைகளைப் பார்க்கவே இல்லை. தரையில் குந்தி, விறைப்பாக ஊன்றி நின்ற மனைவியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், கைய எடுங்க” என்றாள்.

“எடுத்தா விழுந்துருவாம்மா” என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். படிவத்தின் பக்கம் அவர் கண் தானாகப் போய்வந்தது.

மனைவி அவர் காதோரமாகச் சொன்னாள்:

“எடுங்க. நீங்க என்னத் தூக்கி ஒரு மாசம் ஆச்சு.”