மடையான் பூசிய செம்மண்

வயலோரச் சதுப்பில் ஒரு மடையான் இருந்தது; எங்கும் காணும் சாதாரண மண்நிறக் கொக்கு. பறவை பார்க்க வேன் ஏறி வரும் கூட்டம் அதைக் கண்டதும், "மடையான்தான், எழுதிக்கோ" என்று நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். மடையானுக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சிறகை மூடியபடியே செம்மண் சேற்றில் புரண்டு எழுந்து தண்ணீரில் போய் நின்றது. வேனும் வந்து நின்றது.

"என்ன பறவைங்க இது? புத்தகத்துலயே இல்லையே!" கூட்டத்தின் பன்னிரண்டு பைனாகுலர்களும் அதன் மேல் திரும்பின.

"ஏய், காலடியிலயே மீன் நீந்துது பாரு" என்றது பக்கத்தில் மிதந்த முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை.

"அசைய மாட்டேன். சிறகை விரிச்சா உள்ளே இருக்கிற வெள்ளை தெரிஞ்சிடும்" என்று முணுமுணுத்தது மடையான்.

மதியம் தயிர்சாதத்தைக்கூட அதைப் பார்த்தபடியேதான் சாப்பிட்டார்கள். மடையான் பசியோடு அப்படியே நின்றது. சாயங்காலம் ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளியதும் மடையான் தன்னை மறந்து பாய்ந்தது. வெள்ளைச் சிறகு பளிச்சென்று விரிந்தது.

"ச்சே, மடையான்!"

பன்னிரண்டு பைனாகுலர்களும் இறங்கின. வேன் கிளம்பிவிட்டது.

"மீனாவது மாட்டுச்சா?" என்றது முக்குளிப்பான்.

"அது கிடக்கட்டும். வேன் ஜன்னல் வழியா யாராவது திரும்பிப் பார்த்தாங்களா?"