கிள்ளிய இடம்

ஒரே கீரைக்கதிரில் பிறந்த இரண்டு விதைகளில் அக்கா மலையில் முளைத்தாள், தங்கை சமவெளியில். சிட்டுக்குருவிதான் இருவருக்கும் சேதி சொல்லும்.

மலைக்குளிரில் அக்கா ஆளுயரம் வளர்ந்து, பெரிய ஒற்றைக் கதிரைச் சுமந்து நின்றாள்.

"தங்கச்சி கதிர் விட்டாளா?" என்று குருவியிடம் கேட்டாள்.

"அங்கே ஒரே வெயில். அவ முழங்கால் உயரம்தான். இங்கே மாதிரி உங்க விதையைத் தானியமாச் சாப்பிடலாம்னு அங்கே யாருக்கும் தெரியலை. கொழுந்தைக் கிள்ளிக் கீரை கடையுறாங்க."

அக்கா அழுதேவிட்டாள்.

"முழுசாக் கேளு!" என்று குருவி சலித்துக்கொண்டது. "கிள்ளின இடத்துல எல்லாம் கிளை விட்டு, இப்போ ஏழு குட்டிக் கதிர் வெச்சிருக்கா. 'அக்கா ஒத்தைக் கதிரைத் தூக்கிக்கிட்டு மலைக்காத்துல எப்படித்தான் நிக்கிறாளோ'ன்னு அவளும் இப்படித்தான் அழுதா."