விளக்கைப் போட்டவள்

சமுத்திரவல்லி ஒரு விமானந்தாங்கிக் கப்பல். சண்டை தொடங்கியதிலிருந்து எதிரிக் கப்பலை அவள் கண்ணால் கண்டதில்லை. இவள் முதுகிலிருந்து விமானங்கள் அங்கே போகும், அங்கிருந்து விமானங்கள் இங்கே வரும். அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் எதிரிக்காரி அவலட்சணம் பிடித்தவள், ஈவிரக்கம் இல்லாதவள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அன்று மூடுபனியோடு பொழுது சாயும்போது, ஒரு விமானம் தள்ளாடிக்கொண்டு வந்தது.

“அம்மா, எண்ணெய் தீர்ந்துபோச்சு. விளக்கைப் போடும்மா!”

அவளுக்கு மனசு இளகிவிட்டது. தளம் முழுக்க விளக்கைப் போட்டாள்.

“பதறாம இறங்குடா கண்ணு. போன காரியம் என்னாச்சு?”

“அந்த ராட்சசி முதுகுல குண்டு போட்டுட்டுத்தான் வர்றேன். வால் பக்கம் பெரிய ஓட்டை!”

“நல்லா வேணும் அவளுக்கு! எனக்கும் இன்னிக்கு ஒரு படுபாவி அதே இடத்துலதான்...”

சமுத்திரவல்லி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். விமானம் குனிந்து பார்த்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்த ஓட்டை நன்றாகவே தெரிந்தது.



“உங்க அம்மா பார்க்க எப்படி இருப்பா?” என்று மெல்லக் கேட்டாள்.

“உன்னை மாதிரியேதான் இருப்பா.”

“வாயை மூடு!” என்று சீறி, எல்லா விளக்கையும் அணைத்தாள்.

இருட்டியதும் இரண்டு பேருக்கும் எதிரி யாரென்று தெளிவாகத் தெரிந்துவிட்டது.