ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

புரொஜெக்டரில் படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டார் உங்க கீழ் வீட்டு சிநேகிதர்" என்றாள் மனைவி.

பல் டாக்டர் பெருமூச்சோடு கதவைத் திறந்தார்.

"என்ன சார் இது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா கடகடன்னு மண்டைக்குள்ள ஓடுது. மனுஷன் நிம்மதியா இருக்க வேண்டாமா?"

கீழ் வீட்டுக்காரர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. ஆயுசு பூராவும் எஞ்சினோடு குப்பை கொட்டிய மனிதருக்கு ஒரு பழைய புரொஜெக்டரின் சத்தம் பொறுக்கவில்லையாம்.

அவரிடம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யார் பேசினாலும் வாயையே உற்றுப் பார்ப்பார். "நான் ஊரார் வாயைப் பார்க்கிறேன், இவர் என் வாயைப் பார்க்கிறார்" என்று டாக்டர் மனைவியிடம் கேலி செய்வார்.

பாதியில் நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் கருகிவிடும், இந்த ரீல் முடியட்டும் என்று டாக்டர் கெஞ்சினார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் யார் வீட்டுக் குழந்தையோ தத்தித் தத்தி நடந்தது. மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவில் டாக்டர் வாங்கிய மிஷினோடு சேர்ந்து வந்த ரீல்கள். பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது.

ரீல் முடிந்ததும் அவர் எழுந்தார். "இது இப்படியே போச்சுன்னா வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடுவேன்."

ஒரே ஒரு புகார் வந்தாலும் மிஷின் வெளியே போக வேண்டும் என்று ஓனர் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி, கனத்த திரையை இழுத்துவிட்டுப் படம் போட்டார். மணி அடிக்கவே இல்லை.

"பார்த்தியா? சத்தம் ஜன்னல் வழியாத்தான் கீழ போயிருக்கு."

"சத்தம் போச்சு, சரி. நமக்கு மூச்சும் போயிடும் போலிருக்கே" என்றாள் மனைவி. விளக்குச் சூட்டில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

சத்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே ஒழிப்பது என்று டாக்டர் முடிவு கட்டினார். கிளினிக் முடிந்து வந்ததும் தினமும் மிஷினோடுதான் மல்லுக்கட்டு. சொத்தைப் பல் நோண்டுகிற கொக்கியால், பிலிம் ஓடும் பாதையில் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இளகிப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றினார், சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். அப்படியும் கடகட போகவில்லை.

கடைசியில் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியை மிஷினுக்குள் விட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் திருகு ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "சொத்தை இல்லடி, ஆட்டம்!" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதை முடுக்கி, அடியில் கம்பளித் துண்டு வைத்து, சுற்றிலும் பலகை அடித்து மூடினார். இப்போது பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால்தான் லேசாக உர்ரென்றது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் தைரியமாக ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் படம் போட்டார்.

மணி அடித்தது.

"போன வாரம் நீங்க ஊர்ல இல்ல, நிம்மதியா இருந்தேன். இன்னைக்கு முன்னைவிட மோசம் சார்" என்றபடி கீழ் வீட்டுக்காரர் நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. சமையலறைக்குள் வந்து மனைவியிடம் பொரிந்தார். "பச்சைப் பொய். வம்புக்குன்னே வர்றார். இன்னைக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம விடறதில்லை."

ஹாலுக்குத் திரும்பிப் போன வேகத்தில் அவர் கை மேஜை மேலிருந்த எவர்சில்வர் தட்டில் பட்டது. கொக்கியும் இடுக்கியும் கண்ணாடியுமாக மொத்தமும், வந்தவரின் முதுகுக்குப் பின்னால், தரையில் விழுந்து சிதறின. வீடே அதிர்ந்தது. மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

கீழ் வீட்டுக்காரர் திரும்பவில்லை. குழந்தை விழுந்து எழுந்து நடப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு வார்த்தை கேட்க வந்த டாக்டர் அவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல ஜன்னலைப் பார்த்தார். எதிர் வீட்டு வெள்ளைச் சுவரில் படத்தின் வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலும் அது நன்றாகத் தெரியும்.

ரீல் முடிந்தது. "இதுக்கு என்னதான் வழி?" என்று எழுந்தவருக்கு முன்னால் போய், முகத்துக்கு நேராக நின்று, டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடல சார். அடுத்த வாரமும் வந்து, சத்தம் எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"என்னமோ போங்க. வேற வேலை இல்லாதவன்னு நினைச்சீங்களா?" என்று சலித்துக்கொண்டே அவர் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மிஷின் பக்கம் போவதற்குள் மனைவி ஜன்னல் திரையைக் கழற்றிக் கொண்டிருந்தாள்.

"நல்லா விரியத் திறங்க" என்றாள். "சத்தம் கீழ வரைக்கும் கேக்கணும்ல?"