நாலு கட்டம் காலி

காலியா ஒரு கட்டம் இருந்தா உங்க கை சும்மா இருக்குமா?

எனக்கு இருக்காது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். பரீட்சைத் தாளில் பதிவெண் சின்னதாக இருந்தால் முன்னால் பூஜ்ஜியம் போட்டு நிரப்பணும். ஒரு கட்டம் விட்டாலும் டீச்சர் தாளைத் திருப்பி வீசுவார்.

அந்தப் பழக்கம்தான் சரக்கு அனுப்புகிற ஆபீஸில் என்னை மூன்று நாள் அலைய விட்டது.

நானும் என் ஓரகத்தியும் கைக்குழந்தைகளுக்குத் துணியில் புத்தகம் தைக்கிறோம். கடித்தாலும் கிழியாது, துவைத்தால் புதுசு. முதல் தடவையாக வெளிநாட்டுக் கடைக்காரி ஒருத்தி இருநூறு புத்தகம் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்த கப்பலுக்கு ஒரு மாசம். அதற்குள் அவள் கடைத் திறப்பும் முடிந்துவிடும், எங்கள் ஆர்டரும் முடிந்துவிடும்.

படிவத்தில் ‘வாங்குபவரின் வணிக வரி எண்’ என்று பதினஞ்சு கட்டம். நம்ம ஊர் நம்பர் என்றால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். அவள் அனுப்பியதோ ஒன்பதே இலக்கம். கேட்டால், “எங்க ஊர்ல இவ்வளவுதான்” என்று பதில்.

புதன்கிழமை, முன்னால் ஆறு பூஜ்ஜியம் போட்டு நீட்டினேன்.

கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு என் ஓரகத்தி பார்த்ததுமே பேர் வைத்துவிட்டாள், ‘கடுகடு’ என்று. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, கடுகடு சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

“இது தப்பு.”

“எது மேடம் சரி?”

“தெரியாது. அடுத்தவங்க வாங்க.”

வியாழக்கிழமை பூஜ்ஜியங்களைப் பின்னால் தள்ளினேன்.

“இதுவும் தப்பு.”

வெள்ளிக்கிழமை நாலு மணி. மூட்டைகள் வாசலில். இடுப்பில் மகள், அவள் வாயில் படிவத்தின் ஒரு மூலை.

“அக்கா, பேசாம நம்ம நம்பரையே எழுது. கட்டமாவது ரொம்பும்” என்றாள் ஓரகத்தி.

எழுதினேன். மூன்றாவது கோடும் விழுந்தது.

“அந்தப் பக்கம் பாருக்கா. அந்த சார் எதையாவது பாக்குறாரா? குத்து குத்துன்னு சீல் குத்தித் தள்றாரு!”

பக்கத்துக் கவுண்டர்க்காரர் எப்போதும் சிரித்த முகம். “கொடும்மா. கைக்குழந்தையோட எத்தனை நேரம் நிப்ப?” என்று வாங்கி, பச்சை மை சீல் கட்டையைத் தூக்கினார்.

கடுகடு எட்டி, அவர் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! “உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? மூணு மாசமா கண் எரிய எரியத் தைச்சிருக்கோம்!”

மகள் வீறிட்டாள். வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்: “தானும் செய்யறதில்ல, செய்யறவரையும் விடறதில்ல.”

கடுகடு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண் கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

“பேனா இருக்கா? புதுப் படிவம் எடுங்க. முதல்ல நான் சொல்ற ரெண்டு எழுத்து. அது அந்த நாட்டோட அடையாளம். உள்ளூர்ல போட மாட்டாங்க, எல்லை தாண்டினா போடணும். அப்புறம் ஒன்பது இலக்கம். போதும், நிறுத்துங்க.”

“மிச்சம் நாலு கட்டம் இருக்கே?”

“காலி.”

கை நமநம என்றது. அவர் அந்த நாலு கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் பச்சைக் குறி விழுந்தது. அப்புறம்தான் சீல். அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூட்டைகள் லாரியில் ஏறின. லாரி கேட்டைத் தாண்டுகிறவரை நின்று பார்த்தோம். ஓரகத்தி நடுரோட்டில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மனசு கேட்காமல் திரும்பிப் போனேன்.

“புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“புதன்கிழமை எனக்கே தெரியாதே!” கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நான் முதலில் வந்த அன்றைக்கே அந்த நாட்டு வரி ஆபீஸுக்குக் கேட்டு எழுதியிருக்கிறார். மேலும் இரண்டு நினைவூட்டல். பதில் வந்த நேரம் இன்று நாலு பத்து.

“இதையாவது சொல்லியிருக்கலாம்...”

“வருமோ வராதோன்னு இருக்கிற பதிலை வச்சு உங்களுக்கு ஆசை காட்டச் சொல்றீங்களா? உள்ள வாங்க.”

பின்னறையில் கூரை முட்ட மூட்டைகள். கடல் தாண்டிப் போய், அங்கே இறக்க விடாமல், அப்படியே திரும்பி வந்தவை. ஒவ்வொன்றிலும் தப்பான நம்பர். ஒவ்வொன்றிலும் பச்சை சீல்.

வெளியே சிரித்த முகக்காரர் அடுத்த படிவத்தை வாங்கிக்கொண்டிருந்தார்.

கடுகடு அலமாரியிலிருந்து ஒரு தடி நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு ஒரு நாடு. ஒன்றில் எல்லாமே இலக்கம், ஒன்றில் கடைசியில் எழுத்து, ஒன்றில் நடுவே கோடு. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கையெழுத்து. எல்லாம் என்னைப் போல வந்து திட்டிவிட்டுப் போனவர்களுடையது.

புதுப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

“இந்த நாட்டை நீங்க எழுதிட்டுப் போங்க, அடுத்து வர்றவங்க அலைய வேண்டாம்” என்றவர், மகள் கன்னத்தைத் தட்டி முதல் தடவையாகச் சிரித்தார். “உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்மா, இந்தப் பக்கத்துல இடம் மிஞ்சினா அப்படியே விட்டுடுங்க. பூஜ்ஜியம் போட்டு நிரப்பிடாதீங்க!”