பேதி மருந்து

"தலைவரே, இந்த அநியாயத்தைக் கேளு! கட்டுன புருசனுக்கே தெனம் பேதி மருந்து குடுக்கறா இவ!"

லோகநாயகி போட்ட கூச்சலில் தோணிரேவு குப்பமே கூடிவிட்டது. தம்பி முனியன் என்றால் அவளுக்கு உயிர். தம்பி பொண்டாட்டி இருசம்மாளைக் கண்டால்தான் ஆகாது.

தலைவர் சிங்காரம் இருசம்மாளைப் பார்த்தார். "நெஜமாம்மா?"

"நெஜந்தான். மூணு வேளையும் குடுக்கறேன்."

"ஏன்?"

இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுத்தக்காரி!

"நான் சொல்றேன் ஏன்னு. ஆளை நோஞ்சானாக்கிட்டு, அவன் பாட்டைத் தன் அண்ணனுக்கு வாங்கிக் குடுக்கப் பாக்கறா!" என்றாள் லோகநாயகி.

பாடு என்றால் ஏரியில் வலை போடும் முறை. எந்த நாள் யாருக்கு, எந்த இடம் என்று அறுபது வீட்டு முறையும் சிங்காரத்துக்கு மனப்பாடம். அவர் நோட்டுப் புரட்டி யாரும் பார்த்ததில்லை.

லோகநாயகி கையிலிருந்த மருந்து பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்கிட்ட இருக்கட்டும். எல்லாரும் கெளம்புங்க."

லோகநாயகிக்குப் பரம திருப்தி.

இருசம்மாள் மட்டும் அவர் வீடு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அதைக் குடுத்துடு மாமா. அது இல்லேன்னா அவருக்குப் புத்தி தடுமாறிடும். போன மாசம் முத்துராஜ் பாட்டுல போயி வலை போட்டாரே, குடிகாரன்னு எல்லாரும் திட்டுனீங்களே… அவரு குடிக்கவே இல்ல மாமா. ஈரல் கெட்டுப்போச்சு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல வலை மாதிரி ஒரு தடுப்பு இருக்குதாம். ஈரல் வடிகட்டாம வுட்ட விஷம் அந்த வலைக்கண்ணு வழியா மூளைக்குள்ள பூந்துடுதாம். வயித்தால போனாத்தான் அது எறங்கும்னு டாக்டர் சொன்னாரு."

"இதை அங்கியே சொல்றதுக்கு இன்னா?"

"குடிகாரன்னா திட்டோட போச்சு. புத்தி சரியில்லாதவனுக்குப் பாடே கிடையாதுன்னு சட்டம் போட்டதே நீதானே!"

சிங்காரம் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார்.

அதே மருந்து. பாதி காலி.

"நாளைக்கே கூட்டம் போட்டு அந்தச் சட்டத்தைத் தூக்கிடறேன்," என்றார். "இன்னாம்மா அப்படிப் பாக்கறே? மூணு வருசமா ஒருத்தர் பாடுகூடத் தப்பாம நான் சொல்றது இதாலதான்."